நெய்யரியின் பக்கம் நின்று ஒரு மடல்

மாதக் கடைசியில் அறிக்கை ஸ்கிரிப்ட் எழுதும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் பலர் என்னை நேரில் பார்த்ததில்லை. நெட்வொர்க் கண்காணிப்பு அறைகளில் பதினெட்டு வருடம் இருந்தவன். அதில் பாதி நைட் ஷிஃப்ட். டிக்கெட், எஸ்கலேஷன், விடியற்காலை நாலு மணி டீ எல்லாம் உங்களைப் போலவே எனக்கும் பழக்கம். அதைப் பற்றியெல்லாம் எழுத இன்னொரு நாள் பார்க்கலாம். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலையில் நீங்கள் அனுப்புகிறீர்களே ஓர் அறிக்கை, அதற்காக ஏபிஐயிடம் தரவு கேட்கும்போது எழுதும் அந்த ஒற்றை வரி ஃபில்டரைப் பற்றி இப்போது பேச வேண்டும்.

பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கர்களைத் தரம் பிரிக்கும்போது கடைசித் தரத்துக்குச் சொன்ன உவமைகளில் ஒன்று நெய்யரி. பன்னாடை என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். தென்னை மட்டையின் அடியில் வலை மாதிரி இருக்குமே, அது. அதில் நெய்யை ஊற்றினால் நெய் இறங்கிப் போய்விடும், கசடு மேலே தங்கிவிடும். நல்லதை விட்டுவிட்டு வேண்டாததைப் பிடித்துவைத்துக்கொள்கிற பையன் என்று பொருள். ஊரில் இன்றைக்கும் அது வசவுதான். ஆனால் நம் தொழிலில் நெய்யரிதான் தலைமாணாக்கன். ஒழுங்காக ஓடிய இருபத்தொன்பது நாளைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. முப்பதாவது நாள் மத்தியானம் இருபது நிமிடம் என்ன ஆனது என்பதுதான் கேள்வி. நமக்கு வேண்டியது கசடு. நாம் எழுதும் ஃபில்டர்களில் பாதி அந்தக் கசடைத்தான் முதலில் கீழே விடுகின்றன என்பதுதான் என் வருத்தம்.

எப்படி என்று கேட்டால், என் கதையையே சொல்கிறேன்.

பல வருடம் முன்பு, பல ஊர்களில் கிளைகள் வைத்திருந்த ஒரு வாடிக்கையாளருக்கு மாத அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தேன். கேட்டது எளிமையான விஷயம்: எந்தெந்தக் கிளைகளில் தாமதம் 150 மில்லிவினாடிக்கு மேல்? குரல் அழைப்புகளுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் நல்லது என்று ஐடியூவின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. ஒப்பந்தத்திலும் அந்த எண்ணை யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள். நான் ஏபிஐக்கு ஒரு வரி எழுதினேன், ‘தாமதம் 150ஐவிடப் பெரியதாக இருக்கும் கிளைகளைக் கொடு’ என்று. மூன்று கிளைகள் வந்தன. அழகாக அட்டவணை போட்டு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் தெற்கே ஒரு கிளையிலிருந்து மேலாளர் கூப்பிட்டார். “சார், பிரச்சினை இருக்கிற கிளைன்னு லிஸ்ட் அனுப்பியிருக்கீங்க. எங்க பேரு இல்லையே. பதினோரு நாளா எங்களுக்கு லைனே இல்லையே சார்.”

சாலை தோண்டும்போது ஃபைபர் அறுந்திருந்தது. டிக்கெட் போட்டாயிற்று, ஒப்பந்ததாரரிடம் சொல்லியாயிற்று, அலாரம் ஓயாமல் கத்துகிறது என்று யாரோ அந்த லிங்க்கைப் பராமரிப்பு நிலையில் போட்டுவிட்டார்கள். டோங்கிள் ஒன்றை மாட்டிக் கிளையை எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். கடைசி வலையாக இருந்திருக்க வேண்டியது என் அறிக்கை. அதிலிருந்தும் அவர் நழுவிவிட்டார். காரணம், செத்த லிங்க்குக்குத் தாமதம் என்று ஒரு எண்ணே கிடையாது. அனுப்பிய பிங் திரும்பி வரவில்லை, அந்த இடத்தில் டேட்டாபேஸில் வெறுமை, அதாவது நல். நல் என்பது 150ஐவிடப் பெரியதா? இல்லை. எனவே அந்தக் கிளை பட்டியலில் இல்லை.

நான் உடனே புத்திசாலித்தனமாக ஒரு திருத்தம் செய்தேன். நல் வந்தால் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்ளும்படி ஸ்கிரிப்ட்டை மாற்றினேன். அடுத்த மாதம் வேறொரு கிளை முழுதாகச் செத்துக் கிடந்தது. என் அறிக்கையில் அதன் சராசரித் தாமதம் 0 மில்லிவினாடி. மாவட்டத்திலேயே முதலிடம்.

சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் உங்கள் ஸ்கிரிப்ட்டைத் திறந்து பாருங்கள். பாதிப் பேர் இந்த இரண்டில் ஒன்றைச் செய்திருப்பீர்கள்.

இதை யோசிக்காமல் யாரும் விட்டுவிடவில்லை. இணையத்தில் ஒருவழித் தாமதத்தை எப்படி அளப்பது என்று வரையறுத்த ஆர்எஃப்சி 2679 வந்தது 1999இல். பாக்கெட் போய்ச் சேரவே இல்லை என்றால் அதன் தாமதம் வரையறுக்கப்படாதது, நடைமுறையில் அதை முடிவிலி என்று எண்ணிக்கொள்ளலாம் என்று அதில் எழுதிவைத்திருக்கிறார்கள். பூஜ்ஜியம் இல்லை, வெறுமை இல்லை, முடிவிலி. முதலில் படித்தபோது கணக்கு வாத்தியார்களின் வேடிக்கை என்று நினைத்தேன். பிறகுதான் அதில் இருந்த நடைமுறை அறிவு புரிந்தது. முடிவிலி 150ஐவிடப் பெரியது. வரிசைப்படுத்தினால் கடைசியில் போய் நிற்கும். சராசரி எடுக்கப் போனால்தான் எல்லாம் கெடும். ஆனால் நடு மதிப்பும் சதமானமும் அதை வைத்துக்கொண்டே ஒழுங்காக வேலை செய்யும். வராத கடிதத்தை ‘இன்னும் வரவில்லை’ என்று சொல்வதற்கும் ‘கடிதமே இல்லை’ என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு அது.

பின்னால் எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் உட்கார்ந்திருக்கும் கருவிகளில் இந்தச் சிக்கல் இன்னும் ஒரு படி ஆழம். எஸ்க்யூஎல்லில் ஒரு நிபந்தனைக்கு விடை ஆம், இல்லை என்று இரண்டு கிடையாது. தெரியாது என்று மூன்றாவதும் உண்டு. நல் 150ஐவிடப் பெரியதா என்றால் தெரியாது. பெரியது இல்லையா என்றாலும் தெரியாது. ஆகவே ‘150க்கு மேல்’ என்று கேட்டாலும் அந்தக் கிளை வராது, அதைத் தலைகீழாக்கி ‘150க்கு மேல் இல்லாதவை’ என்று கேட்டாலும் வராது. இரண்டு வாசலிலும் நிற்காத மனிதர். இதைப் பிடிக்க நான் இன்றுவரை வைத்திருக்கும் வழி ஒன்றுதான். அதே கேள்வியை மூன்று தடவை அனுப்புவேன்: ஃபில்டரோடு, தலைகீழ் ஃபில்டரோடு, ஃபில்டரே இல்லாமல் எண்ணிக்கை மட்டும் கேட்டு. முதல் இரண்டின் கூட்டுத்தொகை மூன்றாவதற்குச் சமமாக இல்லையென்றால், நடுவில் விழுந்தவர்களைத் தேடிப் போவேன். கிட்டத்தட்ட எப்போதும் அங்கேதான் அந்த மாதத்தின் உண்மையான செய்தி கிடக்கும்.

‘இவ்வளவு தொல்லை எதற்கு, எல்லாத் தரவையும் இறக்கி எக்செல்லில் பார்த்துக்கொள்ளலாமே’ என்று சிலர் சொல்வீர்கள். அந்தக் காலத்தில் நாங்கள் அதைத்தான் செய்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு என்றால் ஓர் இன்டர்ஃபேஸுக்கு நாளைக்கு 288, முப்பது நாளைக்கு 8,640 வரிகள். எக்செல் 2003இல் ஒரு தாளுக்கு 65,536 வரிதான். ஏழு இன்டர்ஃபேஸ் முழுதாகக் கொள்ளும், எட்டாவது பாதியில் அறுந்துவிடும். அதைக் கவனிக்காமல் அனுப்பப்பட்ட அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒரு ஃபில்டர்தான், யாரும் எழுதாத ஃபில்டர். இன்றைக்குத் தாளின் அளவு பத்து லட்சம் வரியைத் தாண்டிவிட்டது. நம் தரவும் கூடவே வளர்ந்துவிட்டது. நானூறு இன்டர்ஃபேஸ், ஒவ்வொன்றிலும் ஆறு அளவுகள் என்றால் மாதத்துக்கு இரண்டு கோடியே ஏழு லட்சம் வரி. ஒரு வரிக்கு நூறு பைட் ஜேசான் என்று வைத்தாலும் இரண்டு ஜிபி. அதை இழுக்கும் வேகத்தில் கண்காணிப்பு சர்வரே மூச்சுத் திணறும். கொஞ்சம் மானமுள்ள ஏபிஐயாக இருந்தால் 429 என்று சொல்லிக் கதவை மூடிக்கொள்ளும். எனவே ஃபில்டரை அந்தப் பக்கமே, சர்வரிலேயே போடுவதுதான் சரி. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து புடைத்தால் உமி எங்கே போயிற்று என்று தெரியும். ஆலையிலேயே புடைத்து வாங்கினால், என்ன போயிற்று என்று கேட்டு வாங்க வேண்டும். அந்தக் கேட்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

உங்களில் பலர் ஜாபிக்ஸ் வைத்திருப்பீர்கள். நல்ல கருவி, லாத்வியாவின் ரிகா நகரில் அலெக்ஸி விளாடிஷேவ் தொடங்கியது, எனக்கு நிறைய சோறு போட்டது. ஆனால் அதன் ஏபிஐயில் ஒரு பள்ளம் உண்டு, புதிதாக வரும் எல்லோரும் ஒருமுறையாவது அதில் விழுவார்கள். பழைய மதிப்புகளைக் கேட்கும் ஹிஸ்டரி.கெட் அழைப்பில் எந்த வகைத் தரவு வேண்டும் என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். தசம எண்ணுக்கு 0, முழு எண்ணுக்கு 3. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது 3 என்று எடுத்துக்கொள்ளும். டிராஃபிக் முழு எண், அதனால் சொல்லாமலே வந்துவிடும். பிங் தாமதமும் பாக்கெட் இழப்பும் தசம எண். அவற்றை வகை சொல்லாமல் கேட்டால் பிழைச் செய்தி வராது. காலிப் பட்டியல் வரும். 200 ஓகே, இரண்டு சதுர அடைப்புக்குறி, உள்ளே ஒன்றுமில்லை. ‘இழப்பு எதுவும் பதிவாகவில்லை’ என்று அறிக்கையில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அதே கருவியில் பெயரை வைத்துத் தேட ஃபில்டர், சர்ச் என்று இரண்டு வழி. ஃபில்டர் அச்சு அசலாக அதே பெயரைத்தான் எடுக்கும். சர்ச் அந்தத் துண்டு எங்கே இருந்தாலும் எடுக்கும். போர்ட் 0/1ஐ சர்ச்சில் கேட்டால் 0/10 முதல் 0/19 வரை பத்தும் கூடவே வந்து நிற்கும், சராசரியில் சேர்ந்துகொள்ளும். ஒரு ரவுட்டரின் டிராஃபிக் திடீரென்று பாதியாகக் குறைந்துவிட்டது என்று ஒரு பையன் கூட்டத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். டிராஃபிக் குறையவில்லை, வேலையில்லாத போர்ட்டுகளையும் சேர்த்து வகுத்திருந்தான்.

இன்னொரு கருவியான ப்ரோமிதியஸ் வேறு சுபாவம். குவெரி ரேஞ்ச் கேட்கும்போது ஒரு வரிசைக்கு 11,000 புள்ளிகளுக்கு மேல் போனால் முடியாது என்று சத்தமாகச் சொல்லிவிடும். நிமிடத்துக்கு ஒன்று என்று ஒரு மாதம் கேட்டால் 43,200 ஆகிறது, மறுத்துவிடும். எனக்குச் சத்தம் போடும் ஏபிஐ பிடிக்கும். ஆனால் மறுப்பு வந்ததும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஸ்டெப்பை ஒரு மணி நேரமாக்கிவிடுகிறீர்கள். பிழை போய்விடுகிறது. அந்த மணி நேரத்துக்கான சராசரி வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மூல அளவைக் கேட்டிருந்தால் அது சராசரி இல்லை, அந்த மணி அடிக்கும் நொடியில் கடைசியாகக் கையில் இருந்த ஒற்றை மதிப்பு. நடுவில் நடந்தது எதையும் அது பார்க்கவில்லை. மணி அடிக்கும்போது மட்டும் வகுப்பை எட்டிப் பார்க்கும் தலைமையாசிரியர் போல. மாதத்துக்கு 720 தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் ரொம்ப ஒழுக்கம் என்கிறது அறிக்கை. அந்த மணி நேரத்தின் உச்சம் வேண்டுமானால் அதை வினவலிலேயே வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

உச்சம், சராசரி என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தினம் காலையில் ஐந்து நிமிடம் ஒரு லிங்க் நூறு சதவீதம் நிரம்புகிறது, மீதி ஐம்பத்தைந்து நிமிடம் இருபது சதவீதம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மணி நேரத்தின் சராசரி 27 சதவீதம்கூட வராது. ‘80 சதவீதத்துக்கு மேல்’ என்ற ஃபில்டரை அதன்மேல் வருடக்கணக்காகப் போட்டாலும் எதுவும் சிக்காது. கவுண்டரில் நிற்கிறவர்கள் மட்டும் தினமும் ஐந்து நிமிடம் திட்டிக்கொண்டிருப்பார்கள். ஜாபிக்ஸ் மணிக்கணக்குச் சுருக்கத்தில் குறைந்தபட்சம், சராசரி, அதிகபட்சம் மூன்றையும் வைத்திருக்கிறது. டிரெண்ட்.கெட் அவற்றை நேரத்தை வைத்துத்தான் வடிகட்டித் தரும். மதிப்பை வைத்து வடிகட்டுவது உங்கள் பொறுப்பு. அந்த இடத்தில் மூன்றில் எதன்மேல் நிபந்தனை வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நேரம் என்றதும் நம் அரை மணி நேரத்தை விட்டுவிட முடியாது. உலகத்தில் பெரும்பாலான நாடுகள் முழு மணி வித்தியாசத்தில் கடிகாரம் வைத்திருக்க, இந்தியாவும் இலங்கையும் ஐந்தரை மணி. (இலங்கை 1996இல் ஆறரைக்குப் போய், அதே வருடம் ஆறுக்கு இறங்கி, 2006இல்தான் ஐந்தரைக்குத் திரும்பியது.) மணிக்கணக்குச் சுருக்கங்கள் யுடிசி மணியில் தொடங்குகின்றன. அதாவது நம் கடிகாரத்தில் 9:30, 10:30, 11:30 என்று. கிளை நேரம் காலை 10 முதல் மாலை 4 வரை என்று ஃபில்டர் போடுகிறீர்கள். 9:30க்குத் தொடங்கிய வரி 10க்கு முந்தையது என்று விலகிவிடும். முதல் வரி 10:30க்குத்தான் வரும். கதவு திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் லாகின் செய்யும் அந்த முதல் அரை மணி நேரம், எந்த நேரத்துக்காக வாடிக்கையாளர் இந்த அறிக்கையையே கேட்டாரோ அதே நேரம், போயே போய்விட்டது. வால் பக்கம் 3:30 வரி நாலரை வரை நீண்டு, ஷட்டர் இறக்கிய பிறகான அமைதியையும் கூட்டிவந்து சராசரியை இன்னும் அழகாக்கும். நாள் கணக்குச் சுருக்கம் யுடிசியில் என்றால் இன்னும் வேடிக்கை. நம் நாள் காலை ஐந்தரைக்குத்தான் விடியும். பஞ்சாங்கக்காரர்கள் சூரிய உதயத்திலிருந்து நாளைக் கணக்கிடுவதோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது என்று ஒரு நண்பர் சமாதானம் சொன்னார். வாடிக்கையாளரிடம் அந்தச் சமாதானம் செல்லாது.

வீசி எறிவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பேண்ட்விட்த் பில் போடும் 95ஆவது சதமானத்தைப் பாருங்கள். மாதத்தின் 8,640 அளவுகளை வரிசைப்படுத்தி, உச்சியிலிருக்கும் ஐந்து சதவீதத்தை, அதாவது 432 அளவுகளை, தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததற்குப் பணம் வாங்குகிறார்கள். 36 மணி நேரத்து உச்ச டிராஃபிக்கைக் கண்டுகொள்ளாமல் விடுகிற பெரிய ஃபில்டர் அது. அதனால் யாருக்கும் ஏமாற்றம் இல்லை. எவ்வளவு எறிகிறோம், எந்தப் பக்கத்திலிருந்து எறிகிறோம் என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியும், தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நம் மாத அறிக்கையில் இருக்கும் ஃபில்டர் மட்டும் ஏன் ஸ்கிரிப்ட்டின் நாற்பத்திரண்டாவது வரியில் ஒளிந்துகொண்டிருக்கிறது?

என் வேண்டுகோள் சின்னது. அறிக்கையின் முதல் பக்கத்தில், அட்டவணைக்கு மேலே, இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரியில் நீங்கள் ஏபிஐயிடம் கேட்ட கேள்வி, சாதாரணத் தமிழிலோ ஆங்கிலத்திலோ: எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை, எந்த நேர மண்டலம், சராசரியா உச்சமா, எந்த நிபந்தனை. இரண்டாவது வரியில் கணக்கு: கண்காணிப்பில் இருப்பவை 412, நிபந்தனைக்குள் வந்தவை 3, வராதவை 394, மதிப்பே இல்லாதவை 15. அந்தப் பதினைந்துக்கும் கீழே பெயர் எழுதுங்கள். பராமரிப்பில் இருக்கிறது என்றால் எத்தனை நாளாக என்று எழுதுங்கள். மேலாளர்கள் முகம் சுளிப்பார்கள், ‘இது எதுக்குப்பா, க்ளீனா கொடு’ என்பார்கள். எனக்கும் சொன்னார்கள். க்ளீனாகக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட கதையை மேலே எழுதியிருக்கிறேன். வேண்டுமானால் அவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.

அந்தக் கிளை மேலாளருக்குப் பதினான்காம் நாள் லைன் வந்தது. வந்த அன்று அவரே போன் செய்தார். அடுத்த மாத லிஸ்ட்டில் தன் கிளை பெயர் வருமா என்று கேட்டார். வராது சார், சரியாகிவிட்டதே என்றேன். “போன மாசமும் வரலியே சார்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்புடன்,
உங்கள் பழைய நைட் ஷிஃப்ட்காரன்

பி.கு: நேரத்தை +05:30 சேர்த்து யூஆர்எல்லில் அனுப்புகிறவர்கள் அந்தக் கூட்டல் குறியை என்கோட் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பல சர்வர்கள் அதை வெற்றிடம் என்று படிக்கும். சில மறுத்துவிடும். சில ஒன்றும் சொல்லாமல் யுடிசி என்று எடுத்துக்கொண்டு, ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போன ஒரு மாதத்தை உங்களுக்குக் கொடுத்துவிடும்.